உன் அம்மாவின் பெயரில் என் இரத்தம்

தம்பி,

முந்தாநாள் நீ போனை வைத்த பிறகு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். நீ பதில் தரவில்லை. அந்த மடகஸ்கார் தொழிற்சாலையில் போன் பாவிக்க விடமாட்டார்கள் என்று இனி எனக்குக் கதை விடாதே. உன் மச்சினியின் கூறைச் சேலைப் படத்துக்கு நேற்று மத்தியானம் நீ போனில் பூப் படம் போட்டிருந்ததை அம்மா காட்டினாள். ஆகவே கொப்பியில் எழுதுகிறேன். முடிந்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான். உன் பள்ளிக்கூட லீவுக் கடிதம் எல்லாவற்றையும் எழுதியது இந்த அப்பாவின் கைதானே.

நான் இப்போது ஆஸ்பத்திரியில், நோயாளர் விடுதிக்கு வெளியே ஒரு நீட்டு மர வாங்கில் குந்தியிருக்கிறேன். உள்ளே உன் மனிசி ஜனனி. எட்டு மணிக்கு அவளுடைய விரலில் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். இந்த வாங்கின் மற்ற முனையில் உன் மாமியார், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஓம் தம்பி, நீ "செய்யாதேங்கோ" என்று சொன்னதை நான் செய்துவிட்டேன். என்னைத் திட்டுவதற்கு முன் இதை முழுக்க வாசி. பிறகு உன் விருப்பம்.

செவ்வாய்க்கிழமை முருங்கைக்காயும் கொஞ்சம் இறாலும் கொண்டு அரியாலையிலிருந்து உடுவிலுக்கு, உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்க உன் மச்சினியின் கலியாண வேலை. முற்றத்தில் பந்தல்காரன் கயிறு அளந்துகொண்டு நிற்கிறான். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிற ஜனனியைக் காணவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தால், பதினொரு மணி வெயிலில் இரண்டு போர்வையும் ஒரு பழைய கம்பளியும் போர்த்திக்கொண்டு கிடக்கிறாள். கட்டில் ஆடுகிறது. பல் அடிக்கிற சத்தம் வாசலுக்குக் கேட்கிறது. எட்டாம் மாத வயிறு போர்வைக்குள்ளே கிடந்து நடுங்குகிறது. "ஒண்டுமில்லை அண்ணை, டெங்கோ எண்டு பாத்தாச்சு, இல்லையாம். சும்மா காய்ச்சல்தான், குளிசை குடுத்திருக்கு" என்றார் உன் மாமியார். மூன்று மணிக்குப் போர்வையை எறிந்தாள், உடம்பு கொதித்தது. ஐந்து மணிக்கு உடுப்பு நனைய வியர்த்துக் கொட்டி, எழும்பி முகம் கழுவித் தேத்தண்ணி கேட்டாள். புதன்கிழமை ஒன்றுமில்லை, பலகாரம் சுடுகிறவர்களோடு இருந்து சிரித்தாளாம். வியாழன் பதினொரு மணிக்கு நான் வேண்டுமென்றே போய் நின்றேன். அதே நேரத்துக்கு நடுக்கம் தொடங்கியது.

இருபத்தேழு வருஷம் மலேரியா ஒழிப்புக் கந்தோரில் வேலை செய்தவன் நான். ஒருநாள் விட்டு ஒருநாள், குளிர், சூடு, வியர்வை. இதைச் சொல்ல எனக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. அன்றைக்கே உன்னோடு கதைத்தேன்.  அப்போதுதான் சொன்னாய், அவள் அங்கே உன்னோடு இருந்தபோது போன வருஷம் அவளுக்கு மலேரியா வந்தது, மூன்று நாள் குளிசை குடித்தாள், சுகமாகிவிட்டது என்று. கிளினிக்கில் மிட்வைஃப் அம்மா கேட்டபோது சொல்லவேண்டாமென்று நீதான் அவளைத் தடுத்ததாகவும் சொன்னாய். பிறகு நீ சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறேன், நீயே வாசித்துப் பார்.

"அப்பா, வாயே திறக்காதேங்கோ. மலேரியாக்காரர் வானோடை வந்து இறங்கி ஒழுங்கையிலை வீடு வீடா இரத்தம் எடுத்து மருந்தடிச்சா, எங்கடை மானம் போயிடும். மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்? இன்னும் பதின்மூண்டு நாள்தானே. கலியாணம் முடியட்டும். அந்தக் குளிசையாலை பிள்ளைக்கு ஏதும் நடந்தாலும் நடக்குமாம், இஞ்சை சனம் சொல்லுது."

நான் ஏதோ சொல்ல வந்தேன். நீ விடவில்லை. "நீங்கள் அந்தக் கந்தோரிலை இருந்தபடியால் உங்களுக்கு எல்லாம் மலேரியாவாத்தான் தெரியுது" என்றாய். போனையும் வைத்துவிட்டாய்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. விசர்ப் பிள்ளை, படிச்ச பிள்ளை, உனக்கு ஏன் இந்தப் புத்தி என்று தனியாக நின்று கத்தினேன். கத்தி முடிந்த பிறகுதான் உறைத்தது, இந்தப் புத்தி உனக்கு எங்கேயிருந்து வந்தது என்று. எட்டாம் வகுப்பில் நீ தேர்ச்சி அறிக்கையில் என் கையெழுத்தை நீயே போட்டுக் கொண்டுபோய்ப் பிடிபட்டாயே, நினைவிருக்கிறதா? நான் பெல்ட்டைக் கழற்றினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து உன்னை இழுத்துப் பிடிக்கவில்லை, அழவில்லை. கதவில் சாய்ந்து நின்று, "ஆர் ஆருக்கு அடிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். நான் பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். அன்றைக்கு நீ தப்பினாய், ஆனால் ஏன் தப்பினாய் என்று உனக்குத் தெரியாது. இன்றைக்குச் சொல்கிறேன்.

உனக்கு முன் ஒரு அக்கா பிறந்தாள் என்பது உனக்குத் தெரியும். உடம்பு மஞ்சளிக்கிற செங்கமாரியில் போனாள் என்று சொல்லியிருக்கிறோம். அது பொய். அவளுக்கு மலேரியா. அது அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அவளுக்குத் தொற்றியது. அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

அப்போது சண்டைக்காலம். மருந்து வராது, எண்ணெய் வராது, நுளம்பு மட்டும் தாராளமாக வரும். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் எல்லோருக்கும் இரத்தம் எடுக்கவேண்டும் என்பது எங்கள் கந்தோர்ச் சட்டம். இடது கை மோதிர விரலைப் பஞ்சால் துடைப்போம், ஊசியால் ஒரு குத்து. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடிப்பாகவும் இன்னொன்றை மெல்லிசாக இழுத்தும் வைப்போம். காய்ந்ததும் அதன்மேல் பென்சிலால் பெயரெழுதிப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவோம். கந்தோரில் இருக்கிறவர் பெரிதாக்கிப் பார்த்து உண்டு, இல்லை என்று எழுதுவார். அவர் பார்ப்பது கண்ணாடியை மட்டும்தான். யாருடைய விரலிலிருந்து வந்த இரத்தம் என்று கண்ணாடி சொல்லாது. நாங்கள் எழுதுகிற பெயரை நம்பித்தான் முழு வேலையும் நடந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மலேரியா என்று வந்தது. வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் குத்தினேன். அழுத குழந்தைகளைப் பிடித்துக் குத்தினேன், ஓடி ஒளிந்த கிழவரைத் தேடிப் பிடித்துக் குத்தினேன். கடைசி வீடு எங்களது. அம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். அதற்கு முதல் கிழமை அவளும் இரண்டு நாள் நடுங்கினாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற அசதி என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஊசியைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "எனக்கு வேண்டாமப்பா. இருக்கெண்டு வந்தா அந்தக் கைச்சல் குளிசையைத் தருவினம். அது பிள்ளையைக் கரைச்சுப்போடுமாம்" என்றாள். அந்தக் குளிசை பிள்ளையைக் கரைக்காது, காய்ச்சல்தான் கரைக்கும் என்று அன்று காலையிலிருந்து ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். என் வீட்டில் எனக்கு வாய் வரவில்லை. அவள் கண் கலங்கியது, நான் இளகிவிட்டேன். அதைவிட உண்மை என்னவென்றால், எனக்கும் உள்ளூரப் பயம். இருக்கிறது என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். சிரித்துக்கொண்டே என் விரலில் குத்தினேன். ஒரு கண்ணாடியில் என் பெயரை எழுதினேன். மறுபடி குத்தி, மற்றதில் அம்மாவின் பெயரை எழுதினேன்.

அம்மாவுக்கு 'இல்லை' என்று துண்டுக் கடதாசி வந்தது. அதை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ நம்பமாட்டாய், சில நாளில் நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

பிள்ளை நல்ல சுகமாகப் பிறந்தாள். கறுத்தப் பிள்ளை, அடர்ந்த தலைமயிர், உன்னைப் போலவே இடது கன்னத்தில் குழி. மூன்றாம் கிழமை பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பினாள். உடம்பு சுட்டது. நிறம் வெளுத்து, பிறகு மஞ்சளித்தது. குழந்தைகளுக்கு வருகிற கிரந்தி என்றார்கள், நாட்டு வைத்தியப் பரியாரியார் எண்ணெய் தந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று அம்மா கேட்டாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிய முதல் பச்சைப் பிள்ளையை வாசல் தாண்டவிடக் கூடாது என்று சுற்றவர இருந்த பெண்டுகள் தடுத்தார்கள். நான் குறுக்கே நின்று ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்தாம் நாள் பிள்ளை துவண்டுவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே இருந்த டொக்டர் என்னைத் தெரிந்தவர். பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நீர் மலேரியாக் கந்தோர் ஆள்தானே? மனிசிக்கு இரத்தம் பாத்ததோ?"

"பாத்தது ஐயா. இல்லையெண்டு வந்தது" என்றேன். பையிலிருந்த துண்டை எடுத்துக் காட்டினேன்.

அவர் என்னை நம்பினார். மலேரியாக்காரனே சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? வேறு கிருமி என்று வேறு மருந்து கொடுத்தார்கள், அதுவும் தட்டுப்பாட்டுக்குள் எங்கேயோ தேடி எடுத்த மருந்து. மூன்று நாள் போனது. அம்மா கட்டிலின் மற்றப் பக்கம் இருந்து என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவள் சொன்னால் என் வேலை போகும், என்னை எல்லோரும் காறித் துப்புவார்கள் என்று அவள் பயந்தாள். என் பயம் என் மானத்தைப் பற்றியது. ஓமடா, நீ போனில் சொன்ன அதே மானம்தான். நாலாம் நாள் காலை டொக்டர் உள்ளே வந்தபோது அவருடைய காலில் விழுந்து சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. "குத்தும்" என்றார். என்னைக்கொண்டே குத்துவித்தார். பிள்ளையின் குதிக்காலில் குத்தினேன். அவள் அழவில்லை. அழுவதற்கு அவளிடம் பலம் இருக்கவில்லை. கண்ணாடி முழுக்கக் கிருமி. மருந்து தொடங்கினார்கள். அடுத்த நாள், அவளுடைய இருபத்தொன்பதாம் நாளில், போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பதாக இருந்தது. ஆகவே அவளுக்குப் பெயர் இல்லை. அந்தக் கண்ணாடியில் நான் பென்சிலால் எழுதியது அம்மாவின் பெயரும் அதற்குப் பிறகு 'பிள்ளை' என்ற சொல்லும்தான். பிறகு அம்மாவுக்கு உண்மையாகக் குத்தினார்கள், உண்டு என்று வந்தது. டொக்டர் என் கள்ளத்தைக் கந்தோருக்குச் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அதே வேலையில் இருந்து, நல்ல பெயர் எடுத்து, பென்சனும் வாங்குகிறேன். நீ வயிற்றில் இருந்தபோது அம்மா தானாகவே கந்தோருக்கு வந்து, நான் இல்லாத நேரம் பார்த்து, வேறொருவரிடம் விரலை நீட்டினாள். அதைப் பற்றி நாங்கள் கதைத்ததேயில்லை.

வியாழக்கிழமை உன்னோடு கதைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி பாவம், கலியாண வீடு, அவனுடைய நிலையையும் யோசிக்கத்தானே வேண்டும் என்று நான் வழவழ என்று இழுத்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியை வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டாள்.

"இந்தமுறை உங்கடை விரலை மடக்கி வைச்சிருங்கோ" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நேற்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் உடுவிலுக்குப் போனோம். ஜனனியை அறைக்குள் தனியாக இருத்தி, உனக்கு எழுதிய இதே கதையைச் சொன்னேன். அவள் அழுவாள், உன்னிடம் கேட்க வேண்டும் என்பாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மாமா, எனக்கு அங்கை காய்ச்சல் வந்து நிண்டபிறகு, திரும்பப் போய்ப் பாக்கச் சொன்னவை. இவருக்கு லீவு கிடைக்கேல்லை. நான் போகேல்லை. அதுதானோ இது?" அதுதான் என்றேன். மருந்துக்குத் தப்பி ஈரலுக்குள் ஒளிந்து கிடந்து மாதக்கணக்கில் கழித்து எழும்புகிற சாதி மலேரியா ஒன்று உண்டு என்று சொன்னேன். அது நச்சுக்கொடியில் போய்த் தங்கினால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்கவில்லை. "அப்ப விடியப் போவம்" என்றாள். "அவரிட்டை நான் சொல்லுறன். அவர் கோவிச்சா கோவிக்கட்டும்."

உன் மாமியார்தான் கூப்பாடு போட்டார். "கலியாணவீட்டிலை மலேரியாவோ? அந்தக் காலத்து வருத்தத்தை இப்ப ஆர் கொண்டுவாறது? மாப்பிள்ளை வீட்டுக்கு நான் எந்த முகத்தோடை போவன்?" நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். தங்கச்சி, இந்த நாட்டில் மலேரியா இல்லையென்று ஆக்க எத்தனை பேர் வெயிலிலும் ஷெல்லடியிலும் அலைந்தார்கள் தெரியுமோ, இப்போது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளருகிற புது நுளம்பு ஒன்று யாழ்ப்பாணத்துக்கே வந்திருக்கிறது, உங்கள் பந்தலுக்குக் கீழே நானூறு பேர் இருக்கும்போது அது ஜனனியைக் கடித்துவிட்டு அடுத்த கதிரையில் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சியைக் கடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் விறுக்கென்று அடுப்படிக்குள் போய்விட்டார். ஆனால் விடிய ஐந்தரைக்கு முதல் ஆளாக ஓட்டோவில் ஏறி இருந்தார்.

இங்கே டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். ஜனனி தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். எந்த நாடு, எந்த மாதம், எத்தனை நாள் குளிசை என்று ஒன்றும் விடவில்லை. விரலில் குத்தும்போது நான் பக்கத்தில் நின்றேன். சொட்டு வந்தது, கண்ணாடியில் வைத்தார்கள், அவளுடைய பெயரை எழுதினார்கள். நான் இடது கையைக் கட்டியிருந்த சாரத்தின் மடிப்புக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை இப்போதுதான் கவனிக்கிறேன். இன்னும் மடக்கித்தான் வைத்திருக்கிறேன்.

தம்பி, எழுத்தை இடையில் நிறுத்தவேண்டி வந்தது. டொக்டர் பிள்ளை வந்தார். ஜனனிக்கு மலேரியாதான், அந்த ஒளிந்துகிடக்கிற சாதி.

இப்போது அவசரப்பட்டு விமானம் ஏறாதே, கேள். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. கருவியை என் காதில் வைத்துக் கேட்க விட்டார்கள், குதிரை ஓடுகிற மாதிரி அடிக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி குடிக்கக்கூடிய குளிசையைத் தொடங்கிவிட்டார்கள். முதல் குளிசையை என் கண்முன்னே விழுங்கினாள், கைச்சலுக்கு முகத்தைச் சுழித்து "சீ" என்றாள். மூன்று நாள் தொடர்ந்து, பிறகு பிள்ளை பிறக்கும்வரை கிழமைக்கு ஒருதரம் குடிக்கவேண்டும். ஈரலில் ஒளிந்திருப்பதற்கான மருந்தைப் பிள்ளை பிறந்த பிறகுதான் கொடுப்பார்களாம். பிள்ளைக்கு ஏற்கெனவே போயிருக்குமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது ஐயா என்றார் டொக்டர். பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடி இரத்தமும் பார்த்து, பிள்ளைக்கும் குத்திப் பார்ப்பார்களாம். அதன்பின் சில கிழமைக்கு விடாமல் கண்காணிப்பார்கள். இருந்தால் உடனே மருந்து, நேரத்துக்குப் பிடித்தால் பயமில்லை என்றார். நான் தலையாட்டினேன். நேரம் என்றால் என்ன என்று எனக்கு அவர் சொல்லித் தரத் தேவையில்லை.

உன் மாமியார் எழும்பி வந்து என் பக்கத்தில் குந்தினார். "அண்ணை, எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் குத்துவினமோ?"

"ஓம் தங்கச்சி. ஒழுங்கைக்கும் குத்துவினம். மருந்தும் அடிப்பினம்."

"கலியாணத்துக்கு முதலோ?"

"நாளைக்கே."

கொஞ்ச நேரம் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார். "அப்ப முதல்லை என்ரை விரலைக் குத்தச் சொல்லுங்கோ. நான் நிண்டா மற்றதுகள் ஓடாதுகள்" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லுவதாகவும் சொன்னார். அவரைப் பற்றி நான் காலையிலிருந்து மனதுக்குள் திட்டியதெல்லாம் வீண்.

இனி உன் வேலை. இன்றைக்கே அங்கேயுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் உன் விரலையும் குத்திப் பார். அவளைக் கடித்த நுளம்பு உன்னை விட்டுவைத்திருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. உன்னை யார் கேட்டாலும், டொக்டரோ மிட்வைஃப்போ மலேரியாக்காரனோ, உள்ளதை உள்ளபடி சொல். அவர்கள் உன் வாயைத்தான் நம்புகிறார்கள், வேறு வழி அவர்களுக்கு இல்லை. ஜனனியிடம் மன்னிப்புக் கேள், என்னிடம் வேண்டாம். நான் என்னுடையதை இன்னும் கேட்டு முடிக்கவில்லை. அந்தச் சின்ன டொக்டரிடம் என் பழைய கதையைச் சொன்னேன், கந்தோருக்கும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். பென்சன் என்னவானாலும் ஆகட்டும், அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

லீவு கேட்டு, பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு வந்து சேர். துடக்கு, முப்பத்தொன்று என்று யாராவது வாசலில் நின்றால் நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னை நான் கூப்பிடுவது வேறொன்றுக்கு. பிள்ளையின் குதிக்காலில் குத்தும்போது காலைப் பிடிக்க ஒருவர் வேண்டும். என்னால் முடியாது, நீதான் பிடிக்கவேண்டும். இறுக்கிப் பிடி, இளகிவிடாதே. பிள்ளை வீறிட்டு அழும்.

அழட்டும் தம்பி. நானும் அம்மாவும் அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வெளியே இந்த வாங்கில் காத்திருப்போம்.

உன் அப்பா